நாலு வருஷம் காத்திருந்தது வீணா?

போன மாதம் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. புராஸ்டேட் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். சிறுநீர்க் குழாயும் பையுமாக மூன்றாம் நாளே திருச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போயிருந்தேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு பெரியம்மா கேட்டார்.

"ஏம்ப்பா, கடைசில அறுக்கத்தானே வேண்டியிருந்துச்சு? இதையே நாலு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா, இத்தனை நாள் திக்கு திக்குன்னு உக்காந்திருக்க வேணாம்ல?"

நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் "உடனே வேண்டாம், கண்காணிக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது குடும்பத்தில் அதற்கு ஆதரவாகப் பேசியவன் நான்தான். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்பி, பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன், ராத்திரியில் ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிற பழக்கம் உள்ளவன். இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் நல்ல கேள்விகள் கேளுங்கள். முடிவை அங்கே எடுங்கள்.

2021-ல் நடந்தது

பெரியப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 64. எந்தத் தொந்தரவும் கிடையாது. அக்கா பெங்களூரிலிருந்து வந்தபோது வற்புறுத்தி ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு அழைத்துப் போனாள். அதில் பிஎஸ்ஏ 5.8 என்று வந்தது. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரந்து ரத்தத்தில் கசியும் ஒரு புரதம். கேன்சரால் மட்டும்தான் ஏறும் என்றில்லை. வயதாகி சுரப்பி வீங்கினாலும் ஏறும், தொற்று வந்தாலும் ஏறும்.

மறுபடி எடுத்தார்கள், அதே அளவு. பிறகு பயாப்ஸி. 12 இடங்களில் ஊசி. அதில் இரண்டில் கேன்சர். ரிப்போர்ட்டில் "கிளீசன் 3+3=6".

அன்றைக்கு ராத்திரி குடும்ப வாட்ஸப் குழுவில் தூக்கம் போனது. அக்காவுக்கு அடுத்த வாரமே ஆபரேஷன் நடக்க வேண்டும். சித்தப்பா மாதுளம்பழமும் தக்காளியும் சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று ஒரு வீடியோ அனுப்பினார். பெரியம்மா "பத்துக்கு ஆறுன்னா பாதிக்கு மேல போயிடுச்சேப்பா" என்று அழுதார். நானும் முதல் நாள் அக்கா பக்கம்தான். கேன்சர் என்று தெரிந்தபிறகு அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

யூராலஜிஸ்ட் மட்டும் அவசரப்படவில்லை. "இதுக்கு ஆபரேஷன் இருக்கு, ரேடியேஷன் இருக்கு, எதுவும் பண்ணாம கண்காணிக்கறதும் இருக்கு. ஒரு மாசம் யோசிங்க, ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார். ஒரு மாசம் கிடைத்ததால் படிக்க ஆரம்பித்தேன்.

ஆறு என்றால் என்ன?

முதலில் பெரியம்மாவின் "பத்துக்கு ஆறு". இந்த மதிப்பெண் முறையை 1960-களில் உருவாக்கியவர் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர். கேன்சர் செல்கள் மைக்ராஸ்கோப்பில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து 1 முதல் 5 வரை ஒரு எண். அதிகமாகக் காணப்படும் அமைப்புக்கு ஒரு எண், அடுத்ததற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டினால் ஸ்கோர்.

குழப்பம் எங்கே என்றால், 1, 2 என்ற எண்களை இன்றைக்கு பயாப்ஸியில் கிட்டத்தட்ட யாரும் கொடுப்பதில்லை. கேன்சர் என்று சொன்னாலே குறைந்தது 3. அப்படியானால் நடைமுறையில் மிகக் குறைந்த ஸ்கோர் 3+3, அதாவது 6. பெரியம்மா பாதிக்கு மேல் என்று நினைத்தது உண்மையில் அடிமட்டப் படி. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் 2014-க்குப் பிறகு 1 முதல் 5 வரை புதிய தரக் குழுக்கள் கொண்டுவந்தார்கள். பழைய 6 அதில் 1-ஆம் குழு. இதைச் சொன்னதும் பெரியம்மா அழுகையை நிறுத்தினார். அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

கிளீசன் 6 தானாக வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. அதைக் கேன்சர் என்றே அழைக்க வேண்டுமா என்று நிபுணர்களிடையே விவாதமே நடக்கிறது. இன்னொரு தகவல் என்னை யோசிக்க வைத்தது. வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் உடல்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 80 வயதை நெருங்கி, தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் புராஸ்டேட்டில் கேன்சர் இருந்தது. உயிரோடு இருந்தவரை பலருக்கும் அது தெரியாது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் தொந்தரவு செய்யாமலே போயிருக்கும் என்ற வகை.

காத்திருப்பு வேறு, கண்காணிப்பு வேறு

இந்த இரண்டையும் நானே முதலில் குழப்பிக்கொண்டேன். காத்திருப்பு என்பது வயதானவர்களுக்கு, வேறு பெரிய நோய் உள்ளவர்களுக்கு. குணப்படுத்தும் எண்ணம் கிடையாது. வலி, அடைப்பு என்று ஏதாவது வந்தால் அதற்கு மட்டும் வைத்தியம்.

கண்காணிப்பு அப்படி இல்லை. குணப்படுத்தும் எண்ணம் அப்படியே இருக்கிறது, நாளை மட்டும் தள்ளிவைக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் விரலால் தொட்டுப் பரிசோதிப்பது, இடையிடையே எம்ஆர்ஐ, ஓரிரு வருஷத்தில் மறுபடி பயாப்ஸி. தரம் ஏறினால் உடனே சிகிச்சை. டொரோன்டோவில் லாரன்ஸ் க்ளாட்ஸ் என்ற டாக்டர் 1995-ல் இந்த முறையை ஆரம்பித்தார். 2015-ல் 993 பேரின் கணக்கை வெளியிட்டார். புராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் 15 பேர்.

எங்கள் துறைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆபரேஷன் என்பது ரோல்பேக் இல்லாத ஒரு மாற்றம். கண்காணிப்பை நாளைக்கே நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம். ஆபரேஷன் செய்தபிறகு "வேண்டாம், கண்காணிக்கலாம்" என்று திரும்ப முடியாது. எந்த முடிவைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமோ அதை முதலில் முயற்சி செய்வது நியாயம். ஆனால் தள்ளிப்போடுவதற்கு ஆகும் விலை சின்னதாக இருந்தால்தான் இந்த நியாயம் செல்லும். விலை எவ்வளவு?

எண்கள்

இதற்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வு. 1999 முதல் 2009 வரை 50 முதல் 69 வயதுள்ள 82,429 ஆண்களுக்கு பிஎஸ்ஏ பார்த்தார்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய கேன்சர் இருந்தவர்களில் 1,643 பேர் ஒரு பெரிய விஷயத்துக்குச் சம்மதித்தார்கள்: கண்காணிப்பா, ஆபரேஷனா, ரேடியேஷனா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க. ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 550 பேர். நாலில் மூன்று பேருக்குக் கிளீசன் 6.

10 வருஷக் கணக்கு 2016-ல் வந்தது, 15 வருஷக் கணக்கு 2023-ல். பெரியப்பா முடிவெடுத்தபோது கையில் இருந்தது முதலாவது மட்டும்தான். இரண்டாவது, அவர் கண்காணிப்பில் இருக்கும்போது வந்து அதே திசையைக் காட்டியது.

15 வருஷத்தில் புராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள்: கண்காணிப்பில் 3.1 சதவீதம், ஆபரேஷனில் 2.2, ரேடியேஷனில் 2.9. புள்ளியியல்படி இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 22 சதவீதம். இந்த மனிதர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு பக்கத்திலிருந்துதான் வந்தது.

இத்தோடு நிறுத்திவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். உடம்பின் வேறு பகுதிகளுக்குக் கேன்சர் பரவியவர்கள் கண்காணிப்பில் 9.4 சதவீதம், ஆபரேஷனில் 4.7. கிட்டத்தட்ட இரட்டிப்பு. நூறு பேரில் நாலைந்து பேர், ஆபரேஷன் செய்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பரவலைச் சந்தித்தார்கள். சாவு எண்ணிக்கையில் அது இன்னும் தெரியவில்லை, ஆனால் அதற்கான மருந்துகளும் அவற்றின் தொல்லைகளும் அவர்களுக்கு உண்டு. தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

இதற்கு ஒரு பின்குறிப்பு. அந்த ஆய்வில் இருந்த கண்காணிப்பு இன்றைய அளவுக்குக் கறாரானது இல்லை. பெரும்பாலும் பிஎஸ்ஏ மட்டும்தான் பார்த்தார்கள். எம்ஆர்ஐயும் திட்டமிட்ட மறு பயாப்ஸியும் அப்போது முறையில் கிடையாது. கிளீசன் 7-க்கு மேல் இருந்தவர்களும் உள்ளே இருந்தார்கள்.

இனி அடுத்த தட்டு. ஆபரேஷன் செய்தவர்களில் ஆறு மாதம் கழித்து சிறுநீர்க் கசிவுக்காக பேட் வைத்தவர்கள் 46 சதவீதம். ஆறு வருஷம் கழித்தும் 17 சதவீதம். கண்காணிப்பில் அது 4, பிறகு 8. தாம்பத்தியத்துக்குப் போதுமான விறைப்பு ஆரம்பத்தில் 67 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் பிரிவில் அது 12-க்கு விழுந்தது, கண்காணிப்பில் 52. நம் வீடுகளில் இந்தக் கடைசி விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. "இந்த வயசுல என்ன" என்று பிள்ளைகளே தீர்மானித்துவிடுகிறோம். அந்தக் கேள்வியைக் கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்டரிடம் தனியாகப் பேச விட்டுவிடுவது நல்லது.

ஆக, ஆபரேஷனின் விலையை எல்லோரும் இன்றைக்கே கட்டுகிறார்கள். பலன், நூறில் சிலருக்கு, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வருகிறது. யாருக்கு அவ்வளவு காலம் முன்னால் இருக்கிறதோ, யாருடைய கேன்சர் வீரியமானதோ, அவர்களுக்குக் கணக்கு ஆபரேஷன் பக்கம் சாயும். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஸ்கேண்டிநேவியாவில் 1989 முதல் 1999 வரை 695 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவு வளர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அங்கே வெறும் காத்திருப்பில் இருந்த 348 பேரில் 110 பேர் அந்தக் கேன்சராலேயே இறந்தார்கள், ஆபரேஷன் செய்த 347 பேரில் 71 பேர். ஆபரேஷன் சராசரியாக 2.9 வருஷ ஆயுளைக் கூட்டியது. "புராஸ்டேட் கேன்சரா, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று வாட்ஸப்பில் பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

ஊசி தவறவிடும் இடம்

அப்படியென்றால் முக்கியமான கேள்வி, "6 என்பது உண்மையிலேயே 6-தானா?"

பெரியப்பாவின் சுரப்பி 45 மில்லி. 12 ஊசிகளும் சேர்ந்து எடுத்த திசு அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. பெரிய லாக் ஃபைலில் பன்னிரண்டு வரி மட்டும் பார்த்துவிட்டு "எர்ரர் இல்லை" என்று சொல்கிற மாதிரி. பயாப்ஸியில் 6 என்று வந்து, சுரப்பியை எடுத்துப் பார்த்தபோது 7 என்று தெரிந்தவர்கள் நிறைய உண்டு.

அதனால் மூன்று வேலைகள் செய்தோம். பயாப்ஸி சிலைடுகளை வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னோம். அவரும் 6 என்றார். எம்ஆர்ஐ எடுத்ததில் பெரிய சந்தேகப் புள்ளி எதுவும் இல்லை. பிஎஸ்ஏவைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பார்த்தோம்: 5.8-ஐ 45-ஆல் வகுத்தால் சுமார் 0.13. பொதுவாக 0.15-க்குக் கீழே இருந்தால் ஆறுதல். அதன்பிறகுதான் பெரியப்பா கண்காணிப்புக்குச் சம்மதித்தார். அக்கா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த நாலு வருஷம்

சுகமாகப் போனது என்று சொல்லமாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை "பிஎஸ்ஏ வாரம்" வரும். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து ரிசல்ட் வரும்வரை பெரியம்மா சரியாகச் சாப்பிடமாட்டார். ஒருமுறை பெரியப்பா "நல்லாத்தான்டா இருக்கேன்" என்று ஒரு டெஸ்ட்டைத் தவறவிட்டார். ஐந்து மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டெஸ்ட்டுக்குப் போகாத கண்காணிப்பு வெறும் வாய்தா வாங்குவதுதான். அன்றிலிருந்து தேதிகள் என் காலண்டரில் ஏறின.

இன்னொரு முறை, சிறுநீர் சரியாகப் போவதற்கு வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை டுடாஸ்டெரைடு. அது பிஎஸ்ஏ எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எண் குறைந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். யூராலஜிஸ்ட்தான் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மருந்தை நிறுத்தி, சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த மாத்திரையோ ஃபினாஸ்டெரைடோ சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நாலாவது வருஷம் பிஎஸ்ஏ 8.1. எம்ஆர்ஐயில் புதிதாக ஒரு புள்ளி, 9 மில்லிமீட்டர். அந்த இடத்தையே குறிபார்த்து எடுத்த பயாப்ஸியில் 3+4=7. இப்போது இது இரண்டாம் தரக் குழு. இந்த நிலையிலும் சிலர் கண்காணிப்பைத் தொடர்கிறார்கள். பெரியப்பாவுக்கு வயது 68, சர்க்கரை இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் எதிர்பார்க்கலாம். 4 என்ற அமைப்பு முப்பது சதவீதம். டாக்டர் ரேடியேஷனையும் ஆபரேஷனையும் சமமாக விளக்கினார். ஒரே தடவையில் முடியட்டும் என்று பெரியப்பா ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார். இந்த முறை வீட்டில் சண்டையே வரவில்லை.

எடுத்த சுரப்பியின் ரிப்போர்ட் வந்துவிட்டது. கேன்சர் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, வெட்டிய ஓரங்கள் சுத்தம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டில் இதே ரிப்போர்ட் வந்தால், என் அனுபவத்தில் உதவிய கேள்விகள்:

1. எத்தனை ஊசியில் கேன்சர்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு? 4 என்ற அமைப்பு எங்காவது இருக்கிறதா?
2. சிலைடுகளை இன்னொருவர் பார்க்கலாமா?
3. எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? அதில் தெரிந்த இடத்தில் ஊசி போட்டார்களா?
4. குடும்பத்தில் இளம் வயதில் புராஸ்டேட், மார்பக, சினைப்பைக் கேன்சர் வந்திருக்கிறதா? பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு இருந்தால் கணக்கே மாறும்.
5. அடுத்த டெஸ்ட் எந்தத் தேதியில்? எந்த எண் வந்தால் கண்காணிப்பை நிறுத்துவோம்? இதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தில் இருக்கும்போது கோடு நகர்ந்துகொண்டே போகும்.
6. ஆபரேஷன் என்றால், நீங்கள் இதை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?

கடைசியாக ஒன்றை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். டெஸ்ட்டுகளுக்கு ஒழுங்காகப் போவோமா, அதற்குப் பணமும் போக்குவரத்தும் இருக்கிறதா, உள்ளே கேன்சர் இருக்கிறது என்ற நினைப்போடு தூங்க முடியுமா? முடியாது என்றால் முதலிலேயே சிகிச்சைக்குப் போவது தப்பே இல்லை. இன்னொன்று, சிறுநீரில் ரத்தம், எலும்பு வலி என்று அறிகுறியோடு கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. நம் நாட்டில் பலருக்கும் இந்த நோய் அப்படித் தாமதமாகத்தான் தெரியவருகிறது. அங்கே காத்திருக்க நேரம் இல்லை.

பெரியம்மாவுக்குப் பதில்

புரோடெக்டில் கண்காணிப்பில் ஆரம்பித்தவர்களில் 61 சதவீதம் பேர் 15 வருஷத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு மாறினார்கள். நாலில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடு இருந்தார். நாம் எந்தப் பக்கம் என்று 2021-ல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. முதல் நாளே எல்லோரையும் அறுத்திருந்தால், தேவையே இல்லாத அந்த நாலில் ஒருவரும் பேட் வாங்கியிருப்பார்.

பெரியப்பா தேவைப்பட்டவர் பக்கம் விழுந்தார். அவர் விஷயத்தில் வலை வேலை செய்தது: தரம் ஏறியது, ஏறியது தெரிந்தது, வெளியே போவதற்குள் எடுத்துவிட்டோம். ஒருத்தர் கதை ஆதாரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். நூறில் அந்த நாலைந்து பேரில் ஒருவராக அவர் ஆகியிருந்தால் இந்தப் பதிவை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது. அப்போதும் 2021-ல் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும், ஆனால் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இடையில் கிடைத்தது, கசிவும் குழாயும் இல்லாத நாலு வருஷம். அதில் அவர் காசிக்குப் போய்வந்தார், பேரனுக்கு சைக்கிள் ஓட்டப் பின்னாலேயே ஓடிக் கற்றுக்கொடுத்தார். பெரியம்மாவுக்கு அது நாலு வருஷ பயமும்கூட. இரண்டும் உண்மை.

போன ஞாயிறு போனில் இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் எடுக்க வேண்டிய முதல் பிஎஸ்ஏ தேதியையும் நினைவுபடுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிடா. உங்க பெரியம்மாகிட்ட சதவீதக் கணக்கெல்லாம் சொல்லாத. அடுத்த வாரம் வரும்போது பேட் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. இங்க கடைல கேக்க சங்கடமா இருக்கு."